ஏழாவது பிஞ்சு

இன்றைக்கு விரியப் போவது ஒரே ஒரு பெண் பூ என்பது தனகோட்டிக்கு நேற்றே தெரியும். நேற்றுச் சாயங்காலம் கொடிக்குத் தண்ணீர் விடும்போதே பார்த்து வைத்துவிட்டார். மொட்டின் நுனியில் பச்சை போய் மஞ்சள் கண்டிருந்தது. அப்படிக் கண்டால் மறுநாள் விடிகாலையில் திறக்கும், வெயில் மதில்மேல் ஏறியதும் சுருண்டுகொள்ளும், அதோடு சரி, அந்தப் பூவுக்கு இன்னொரு நாள் கிடையாது. அதனால்தான் காக்கை கரைவதற்கு முன்பே எழுந்து, பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் நகர்த்தி, வெறுங்காலோடு வந்து நின்றுகொண்டிருக்கிறார். தோட்டம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படி. வீட்டுக்கும் பின் மதிலுக்கும் நடுவே ஒரு துவைகல், ஒரு முருங்கை, துணி காயப்போடும் கம்பி, மீதி இடமெல்லாம் பரங்கிக்கொடி. இடம் போதாமல் மதிலில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. பூ இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. ஐந்து இதழும் நுனியில் ஒட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் மூடிய கை மாதிரி இருந்தது. குழந்தை என்று நினைத்தவர் அந்த நினைப்பைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் முன்னறையில் இருக்கிற நீலப் பை நின்றது. மருமகள் நிரோஷா நேற்று ராத்திரியே துணிமணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். எட்டரை வண்டிக்குச் சின்னசேலம் போகிறாள், அம்மா வீட்டுக்கு. பத்து நாள் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு அவளுடைய அம்மா போனில், தீபாவளி வரைக்கும் இருக்கட்டும் சம்பந்தி, அப்புறம் பாத்துக்கலாம் என்றார். அந்தப் பாத்துக்கலாம் தனகோட்டிக்குப் பிடிக்கவில்லை. பாத்துக்கலாம் என்றால் எதைப் பார்ப்பது. மகன் பார்த்திபன் பைக்கில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவான். அவள் படியிறங்குவதற்குள் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையைத்தான் ஒரு மாதமாகச் சொல்ல முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மதிலோரமாகக் குனிந்து ஓர் ஆண் பூவைத் தேடினார். தேட வேண்டியதே இல்லை, அவை எப்போதும் கொள்ளை கொள்ளையாகப் பூக்கும். நீளத் தண்டு, மெலிந்த கழுத்து, தலையில் பூ. மார்கழியில் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கத் தெருப் பெண்கள் பூ கேட்டு வருவார்கள். இவர் நீளத்தண்டுப் பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுப்பார், அடியில் குண்டுமணி மாதிரி காய் இருக்கிற பூவைத் தொட விடமாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை. இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் பொன்னுரங்கம். விருத்தாசலத்துக்கு இந்தப் பக்கம் ரயில்வே கேட்டில் தனகோட்டி கேட்மேனாக இருந்த காலத்தில், தண்டவாள வேலைக்கு வரும் கேங்கில் இருந்தவன். கேட் அறைக்குப் பின்னால் இவர் போட்டிருந்த கொடியில் ஒரு வருஷம் பிஞ்சு பிஞ்சாகக் கொட்டிப்போனது. பொன்னுரங்கம் வந்து பார்த்துவிட்டு, அண்ணே, மாப்பிள்ளை இந்தக் கோடியில நிக்கிறான், பொண்ணு அந்தக் கோடியில ஒக்காந்திருக்கு, வண்டு வந்தாத்தான ஆச்சி, வரலன்னா நீதான் மாப்பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டுப் போய் பொண்ணு வீட்ல உடணும் என்று சொல்லி, ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, நடுவில் நிற்கிற மஞ்சள் குச்சியைப் பெண் பூவுக்குள் விட்டு ஒரு தேய் தேய்த்துக் காட்டினான். காட்டிவிட்டு இன்னும் ஒன்று சொன்னான். அதை நினைத்தால் தனகோட்டிக்கு இப்போதும் காது சூடாகும். கேங்காரர்கள் எல்லோரும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இவர் சிரிக்காமல் பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் அந்த வருஷம் காய் நின்றது. பின்னால் எத்தனையோ வருஷம் தேவைப்படவில்லை, வண்டும் தேனீயும் தாமாகவே வந்தன. இந்த வீட்டுக்கு வந்த பிறகும் பக்கத்துக் காலிமனையில் பூவரசும் அதில் ஒரு தேன்கூடும் இருந்தவரைக்கும் கவலையில்லை. இந்த வருஷம் மனையைச் சுத்தம் பண்ணி அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். மரம் போனது, கூடு போனது. ஆவணியில் முதல் பெண் பூ விரிந்தபோது அதற்குள் ஓர் எறும்புகூட இல்லை என்பதை இவர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, வரும், நேரமிருக்கிறது என்று பல் தேய்க்கப் போய்விட்டார். இதழ் வாடிய பிறகும் அடியிலிருந்த காய் இரண்டு நாள் பச்சையாகத்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்குப் பிஞ்சு பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும். அது பொய்ப் பச்சை. உள்ளே ஒன்றும் இருக்காது.

அந்த இரண்டு நாளைக்குள்தான் நிரோஷா அதைப் பார்த்தாள். துணி உலர்த்த வந்தவள், மாமா, காய் வச்சிருக்கு, அதோ பாருங்க என்று கையை நீட்டினாள். நீட்டிய விரல் காய்க்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவளுக்கு எதையும் விரலால் காட்டித்தான் பேசவரும். கல்யாணமாகி வந்த அன்றைக்கே முருங்கையைக் காட்டி இது எத்தனை வருஷத்து மரம் என்று கேட்டவள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கிளிகளை ஒவ்வொன்றாய் விரல் நீட்டி எண்ணுவாள், எண்ணி முடிப்பதற்குள் பறந்துபோனதும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். தனகோட்டியும் எண்ணுகிறவர்தான், ஆனால் விரல் நீட்டி எண்ணியதில்லை. கேட்டில் நிற்கும்போது கையில் பச்சைக்கொடி இருக்கும். கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைத் தலையை லேசாக அசைத்து மனசுக்குள்ளேயே எண்ணிக்கொள்வார். யாரும் எண்ணச் சொல்லவில்லை. கடைசிப் பெட்டியின் பின்னால் பெருக்கல் குறி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான் வேலை. அது இருந்தால் வண்டி முழுசாகப் போய்விட்டது, நடுவழியில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். ஆனாலும் எண்ணுவார். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்று விரல் நீட்டிச் சத்தமாக எண்ணுவார்கள். ஒரு நாளும் அவர்கள் கணக்கும் இவர் கணக்கும் ஒத்துப்போனதில்லை, இவர் ஒரு நாளும் திருத்தியதும் இல்லை. இவருடைய சம்சாரம் அஞ்சலாட்சி நிரோஷாவுக்கு வைத்த பேர்தான் சுட்டுவிரல்காரி. என் சுட்டுவிரல்காரி வந்துட்டா என்று கொஞ்சித்தான் சொல்வாள். அன்றைக்கும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏய் சுட்டுவிரல்காரி, பிஞ்ச விரல் நீட்டிக் காட்டாதடி, அழுகிடும், விரல மடக்கிக் கடிச்சிக்க என்றாள். நிரோஷா சிரித்துக்கொண்டே விரலைப் பல் பதியக் கடித்துக்கொண்டாள். கடித்த தடத்தை இவருக்குக்கூடக் காட்டினாள். போதுமா அத்தை, ரத்தம் வரணுமா என்றாள். மூன்றாம் நாள் காய் மஞ்சளாகிச் சுருங்கித் தரையில் கிடந்தது. அந்த வாரமே நிரோஷாவுக்கு வயிற்றில் தங்கியிருந்ததும் நிற்காமல் போய்விட்டது. இரண்டரை மாதம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலேயே இப்படிப் போவது நிறையப் பேருக்கு நடக்கிறது, நீ சாப்பிட்டதாலோ நடந்ததாலோ இல்லை, யார் தப்பும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். நிரோஷா தலையை ஆட்டினாள். அஞ்சலாட்சியும்தான் அழுதாள், யார் இல்லையென்றது. மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, வெந்நீர் விளாவிக் கொடுத்து, ராத்திரி கால் பிடித்துவிட்டாள். ஆனால் ஒருநாள் துவைகல்லில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம், அன்னிக்கு இவ கை நீட்டிக் காட்டுனப்பவே எனக்கு மனசு சரியில்ல என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நிரோஷா காலி வாளியோடு நின்றதை அவள் பார்க்கவில்லை. தனகோட்டி பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தக் கை முந்தானைக்குள் போய்விட்டது. இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள், நடக்கிறாள். எதையும் காட்டுவதில்லை. சீப்பு எங்கே என்று பார்த்திபன் கேட்டால் முகவாயால் காட்டுகிறாள். கரண்ட் போனபோது எந்த சுவிட்ச் என்று கேட்டதற்கு எழுந்து போய் முழு உள்ளங்கையால் தட்டிவிட்டு வந்தாள். இதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தாலும் உடம்பு முடியாதவள் என்று விட்டுவிட்டார்கள். தோட்டத்துக்கு வருவதில்லை, துணியை மாடியில் போய் உலர்த்துகிறாள். தனகோட்டிக்கு மட்டும் அந்த விரல் வீட்டில் காணாமல் போன ஒரு பொருள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிடலாம். அந்தக் காய் உன் விரலால் விழவில்லை, பூவுக்கு வண்டு வரவில்லை, அதனால் விழுந்தது. இவ்வளவுதான். ஆனால் வண்டு வராவிட்டால் ஏன் விழ வேண்டும் என்று கேட்டால் ஆண் பூ பெண் பூ என்று ஆரம்பிக்க வேண்டும். மாமனார் மருமகளிடம் பேசுகிற பேச்சா அது. அதுவும் வயிற்றுப் பிள்ளை கலைந்துபோய் நிற்கிற பெண்ணிடம், இதில் இருக்கிற பொடி அதில் போய்ச் சேர்ந்தால்தான் பிஞ்சு நிற்கும் என்று இவர் விளக்கினால், அவள் அதை எங்கே கொண்டுபோய் எதோடு சேர்ப்பாள். சேர்க்காமல் இருப்பாளா. யோசிக்க யோசிக்க எல்லா வழியும் பொன்னுரங்கத்தின் சிரிப்பில் போய் முட்டி நின்றது. சரி, அஞ்சலாட்சியிடம் சொல்லி அவள் மூலமாகச் சொல்லலாம் என்றால் அந்த வழியையும் இவரே அடைத்துவிட்டார். போன வாரம் இதே மாதிரி விடியலில் பூவோடு பூவை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள். காலங்காத்தால பூவ வச்சி என்னாத்த பண்ணிக்கிட்டிருக்கீங்க, கல்யாணம் பண்ணி வைக்கிறீங்களா என்று கேலியாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இவர், பூச்சி எடுக்கிறேன் என்றார். பூச்சியா, எடுங்க எடுங்க என்று போய்விட்டாள். அறுபத்தெட்டு வயசில் ஒரு பரங்கிப் பூவுக்காகப் பொய் சொன்னவன் என்று அன்று முழுக்கத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். இப்போது கொடியில் பிஞ்சு நிற்கிறது என்றால் அது இவர் தூக்கிச் சுமந்து கொண்டுபோய் விட்டதால் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நிரோஷா கொடிப்பக்கமே வராததால் நிற்கிறது என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டிருக்கலாம். நிரோஷாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு நேற்று ராத்திரி அந்தப் பையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. தான் விலகிப் போனால் நல்லது என்று அவள் போகிறாள்.

பூ திறந்துவிட்டது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தும் அந்த நேரத்தைத் தவறவிட்டார். எப்போதும் இப்படித்தான். ஆண் பூவைப் பறித்து, இதழை ஒவ்வொன்றாக உரித்து, மஞ்சள் பொடி விரலில் ஒட்டாதபடி தண்டைப் பிடித்துக்கொண்டார். குனிந்தபோது முட்டி சொடுக்கிட்டது. பூவின் உள்ளே ஈரமாக, குளிர்ச்சியாக, வெல்லப்பாகு மாதிரி லேசான ஒரு வாசனை இருந்தது. மெல்ல ஒருமுறை சுற்றித் தேய்த்தார். மறுபடி ஒருமுறை. பிடிக்குமா பிடிக்காதா என்பது நாளை மறுநாள்தான் தெரியும். தேய்த்தாலும் விழும். அதையும் அவர் அறிவார். எல்லாம் சரியாகச் செய்தும் காரணமே இல்லாமல் மஞ்சளாகும் பிஞ்சு உண்டு. கொடிக்கு அதன் பாரம் தெரியும், தாங்க முடியாததை அது விட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது சமாதானமா உண்மையா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் மதில்மேல் ஒரு பிஞ்சு இருக்கிறதே, அது மட்டும் இனி விழாது. காம்பு பென்சில் கனத்துக்கு முற்றிவிட்டது, காய் சின்னச் சொம்பளவு ஆகிவிட்டது. கனம் தாங்காமல் கொடி இழுபடக் கூடாது என்று தன் பழைய காசித்துண்டைத் தூளி மாதிரி அதற்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சிவப்புத் துண்டு. தெருவில் போகிறவர்களுக்கே தெரியும்.

கம்பிப் பக்கம் சத்தம் கேட்டது. நிரோஷா நின்றுகொண்டிருந்தாள். குளித்துவிட்டாள், ஊருக்குப் போகிற புடவை. நேற்று அஞ்சலாட்சி துவைத்துக் கம்பியில் போட்டிருந்த அவளுடைய துண்டு ஒன்று மிச்சமிருந்தது, அதை எடுக்க வந்திருக்கிறாள். இவர் கையில் உரித்த பூவோடு நிமிர்ந்தார். ஒளித்துக்கொள்ள நேரமில்லை.

"என்ன மாமா பண்றீங்க?"

பூச்சி என்ற வார்த்தை நாக்குவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"இதுல காய் கெடையாதும்மா. அதுல அடியில இருக்கு பாரு. இதுல இருக்கற பொடி அதுல படணும். வண்டு வந்தா அது பாத்துக்கும். இப்பதான் மரத்த வெட்டிட்டாங்களே, வண்டு இல்ல. படலன்னா ரெண்டு நாள் பச்சையா இருந்துட்டு உழுந்துடும்."

ஆண் என்றும் சொல்லவில்லை, பெண் என்றும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் தப்பித்ததில் மூச்சு வாங்கியது. மண்ணைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார்.

"மொத காய்க்கு வண்டும் வரல. நானும் வைக்கல. அதாம்மா உழுந்துச்சி. வேற ஒண்ணுமில்ல."

நிரோஷா தலையை ஆட்டினாள். டாக்டரம்மாவிடம் ஆட்டிய அதே தலை. அவளுடைய அம்மா போனில் பேசும்போதும், பார்த்திபன் முதுகைத் தடவும்போதும் ஆட்டுகிற அதே தலையாட்டல். இடது கை மணிக்கட்டை விடவில்லை. ஒரு மாதம் வாயில் வைத்திருந்த வார்த்தை, வெளியே வந்து, கொடிமேல் விழுந்து, அங்கேயே கிடந்தது. இனி என்ன இருக்கிறது. எட்டரை வண்டி இருக்கிறது. துண்டை உருவி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எத்தினி பிஞ்சு நிக்கிதுன்னு ஒரு தடவ எண்ணிடுவோமா" என்று தனகோட்டி சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. கையிலிருந்த பூத்தண்டைக் கீழே போட்டார். துவைகல்லோரம் இலைக்கு அடியில் இருந்த பிஞ்சின் பக்கம் திரும்பி, வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலை நேராக நீட்டினார். வாழ்நாளில் நீட்டாத விரல்.

"ஒண்ணு."

"மாமா, வேணாம் மாமா."

"ரெண்டு. அந்தக் கவைகிட்ட இருக்கு பாரு. இது மூணு."

பின்கதவில் அஞ்சலாட்சி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.  "என்னாங்க இது, புத்தி கித்தி கெட்டுப்போச்சா. விரல மடக்குங்க. மடக்கிக் கடிச்சிக்குங்க மொதல்ல."

"கடிக்கறதுக்கு என்னா இருக்கு. இருக்கறத எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார். சத்தம் தன்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது. "நாலு. அஞ்சி."

இதில் எது நிற்கும், எது போகும். மூன்றாவதன் மேல்தோலில் பளபளப்பு குறைவு, ஐந்தாவதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. விழுந்தால் விழட்டும், இந்த விரல்மேல் விழட்டும். இதற்கு எழுபதை எட்டப் போகிற வயசாகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். காலையில் தேய்த்து வைத்த பூவின் பக்கம் விரலைக் கொண்டுபோனார். மஞ்சளாக விரிந்து, ஈரத்தோடு, அடியில் குண்டுமணிக் காயோடு இருந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் விரல் நின்றது. "ஆறு" என்றார்.

அடுத்து மதிலுக்குப் போக வேண்டும். போகவில்லை. கையைக் கீழே இறக்கினார்.

"ஆறுதான்" என்றார்.

அஞ்சலாட்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நிரோஷா முந்திக்கொண்டாள்.

"ஏழு மாமா."

"ஆறும்மா."

"இல்ல மாமா, ஏழு. மதிலு மேல ஒண்ணு இருக்கில்ல."

"எங்க?"

முகவாயைத் தூக்கிக் காட்டினாள். "அங்க."

"அங்கன்னா எங்கம்மா. மதிலு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் இருக்கு."

"நீங்கதான மாமா துண்டு கட்டித் தொங்க உட்டிருக்கீங்க. செவப்புத் துண்டு."

"துண்டா" என்று தனகோட்டி மதிலை நெடுகப் பார்த்தார். துண்டின்மேல் இரண்டு தடவை கண்ணை ஓட்டி, இரண்டு தடவையும் தாண்டிப் போனார். "எனக்குத் தெரியலயே."

அஞ்சலாட்சி புருஷனைப் பார்த்தாள். அரிசியில் ஒரு கல் இருந்தால் எட்ட நின்று சொல்கிற மனுஷன். இத்தனை வருஷத்தில் ஓர் எண்ணிக்கையில் ஒன்று குறைய விட்டவரில்லை. அவள் முகத்தில் ஏதோ மெதுவாக இறங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நிரோஷா மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்வதைத் தனகோட்டி கடைக்கண்ணால் பார்த்தார். நேராகப் பார்த்தால் போய்விடும் போலிருந்தது, அதனால் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டில் நிற்கும்போது தூரத்தில் சத்தம் கேட்கும், வண்டி இன்னும் வராது, வரும் என்று மட்டும் தெரியும், அந்த மாதிரி. முந்தானை விலகியது. கை வெளியே வந்து பாதி வழியில் நின்றது, விரல் இன்னும் மடங்கித்தான் இருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

"அதோ" என்றாள் நிரோஷா.

தனகோட்டி மதிலைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார். வெளுத்து, நகம் வெட்டாமல் கொஞ்சம் வளர்ந்து, சிவப்புத் துண்டை நோக்கி நேராக நின்றது.

"ஆமா" என்றார். "ஏழு."

வெயில் மதில்மேல் ஏறி, தூளியில் கிடந்த காயின் ஒரு பக்கத்தைத் தொட்டது. கீழே பூ ஓரத்தில் சுருள ஆரம்பித்திருந்தது. நிரோஷா கையை இறக்கினாள். இறக்கிய விரலை வாய்க்குக் கொண்டுபோகிறாளா என்று தனகோட்டி காத்திருந்தார். அஞ்சலாட்சியும் காத்திருந்தாள்.

கொண்டுபோகவில்லை. அத்தையின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, "ஆறிப்போச்சி மாமா, சுட வச்சித் தரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.